வாடாமல்லி நிறக் கத்தி

என் தம்பி கதிரவனுக்கு எல்லாமே பீச்சாங்கை. சோறு மட்டும் வலது கையால் தின்பான். அதுவும் சின்ன வயதில் அம்மா கரண்டிக் காம்பால் போட்ட போட்டில் வந்த பழக்கம். மற்றபடி ஸ்பேனர் பிடிப்பது, பல் துலக்குவது, சீட்டுப் போடுவது எல்லாம் இடது கைதான். ஜான்சியைக் கட்டிக்கொண்டபோது தாலியைக்கூட இடது கையால் முடிச்சுப் போடப் போனான். "டேய், சோத்துக் கைடா!" என்று அம்மா கத்திய கத்தலில் நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். ஜான்சி வீட்டு ஆட்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். இது எங்கள் பக்கத்து மந்திரம் போலிருக்கிறது என்று நினைத்துப் பயபக்தியோடு நின்றார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கத்தி வந்தது அதற்கு அடுத்த வருஷம், இரண்டாயிரத்து எட்டில். பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலுக்குள் கைவிட்டு எடுத்து வந்தான். பாக்கெட்டில் போட்டுக்கொள்கிற மடக்குக் கத்தி. பிடியில் இரண்டு பக்கமும் வெறும் அலுமினியத் தகடு. அவன் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் கிள்ளையில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு அறுக்க, ரப்பர் குழாய் வெட்ட, பகல் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்க எல்லாவற்றுக்கும் அந்தக் கத்திதான் என்று ஆகிவிட்டது. "அக்கா, உன் கம்பெனில இதுக்கு ஒரு கலர் போட்டுக் குடேன். நீலம் போடு" என்று ஒருநாள் என் மடியில் போட்டான்.

என் கம்பெனி கடலூர் சிப்காட்டில் இருக்கிறது. அலுமினியச் சாமான்களுக்குச் சாயம் ஏற்றுகிற வேலை. அதில் நான் ஷிஃப்ட் இன்சார்ஜ். பெயர் இசைவாணி என்றாலும் வாயைத் திறந்தால் சண்டைதான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் வேலை பெயிண்ட் அடிப்பது இல்லை. அலுமினியத்தை அமிலத் தொட்டியில் கம்பி கட்டித் தொங்கவிட்டு கரண்ட் கொடுத்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் வளரும். அந்தத் தோலுக்குள் சாயம் போய் உட்கார்ந்துகொள்ளும். உரிந்து வராது. தேய்ந்தால்தான் போகும்.

தம்பி கத்தியைக் கழற்றித் தகடுகளை நீலத்தில் முக்கினேன். எடுத்தவள் கழுவாமல், ஏதோ கனவில், பக்கத்துச் சிவப்புத் தொட்டியில் இறக்கிவிட்டேன். பதறிப்போய் தூக்கினால் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் அம்மா வளர்க்கிற வாடாமல்லிப் பூவின் அதே நிறம். எனக்கே அழகாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். அப்புறம் வேறு துண்டுகளில் அந்த நிறத்தை வரவழைக்க எத்தனையோ தடவை பார்த்தேன், வரவே இல்லை. உலகத்தில் அந்த நிறத்தில் ஒரே ஒரு கத்திதான் இருந்தது.

கிள்ளையில் படகுக்காரர்கள் "என்னா மச்சான், பொம்பள கத்தி வச்சிருக்க" என்று ஓட்டியிருக்கிறார்கள். "எங்க அக்கா போட்ட கலருடா, உங்க அக்கா போடுமா?" என்று இவன் திருப்பிக் கேட்டிருக்கிறான். அம்மாவோ அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கத்தியை வாங்கி வாசல் செடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசும்போதும் யோசிக்கும்போதும் இடது கட்டைவிரலால் அதைத் திறப்பான், மூடுவான். டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். போகப்போக அவன் விரல் உட்கார்ந்த இடத்தில் சாயம் தேய்ந்து உள்ளே இருந்த வெள்ளி தெரிய ஆரம்பித்தது. வலது கைக்காரர்களின் கட்டைவிரல் படவே படாத பக்கம் அது.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஐப்பசி மழையில் அவனுக்கும் ஜான்சிக்கும் சண்டை வந்தது. அவள் சிதம்பரத்தில் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். சென்னையில் நல்ல வேலை வந்தது, போகலாம் என்றாள். ஓடைத் தண்ணி இல்லாத ஊரில் என்னால் இருக்க முடியாது என்றான் இவன். "அப்ப அந்தத் தண்ணியோடயே குடும்பம் நடத்து" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் யாரும் சொல்கிற வார்த்தைதான். இவன் கத்தியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மாற்றுச் சட்டை இரண்டோடு கொச்சிக்கு பஸ் ஏறிவிட்டான். அங்கே ஒரு மீன்பிடி போட்டில் இன்ஜின் வேலை கிடைத்தது. மார்கழி பிறந்த அன்று அம்மாவுக்கு அங்கிருந்து போன் செய்தான். பேசும்போது பின்னால் டிக், டிக் என்று கேட்டதாம். அதுதான் கடைசி போன்.

அந்த மார்கழியில்தான் தானே புயல் வந்தது. கடலூரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. பலாவும் முந்திரியும் வேரோடு படுத்துக்கிடந்தன, நாட்கணக்கில் கரண்ட் இல்லை, போன் இல்லை. எல்லாம் சரியாகி நாங்கள் கொச்சிக்குப் போன் போட்டபோது, "அவன் சொல்லாம கிளம்பிட்டான், வேற போட்டுக்குப் போயிருப்பான்" என்று அந்த போட்டுக்காரன் சொன்னான். மங்களூர் போயிருப்பான், குஜராத் போயிருப்பான் என்று ஆளுக்கு ஒரு திசை சொன்னார்கள். கோபித்துக்கொண்டு போனவன் கோபம் தீர்ந்தால் வருவான் என்று நாங்களும் இருந்தோம். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வந்தால் செருப்பாலேயே அடிப்பது என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

மாசி பிறந்ததும் அம்மா ஒரு பேச்சை எடுத்தாள். "மகத்துக்குள்ள எனக்கு ஒரு முடிவு சொல்லுங்க. புள்ள இருக்கானா, இல்லையா? இருந்தா திருவந்திபுரத்துல பெருமாளுக்கு நெய் வெளக்கு ஏத்துறேன். இல்லன்னா உன் மாமா கையால கடல்ல எள்ளும் தண்ணியும் எறைக்கச் சொல்றேன். ரெண்டும் இல்லாம என்னால தொங்கிக்கிட்டு இருக்க முடியாது" என்றாள். மாசி மகத்தன்று எங்கள் பக்கத்தில் சாமிகள் கடலுக்கு வரும். செத்தவர்களுக்குச் செய்வதைக் கரையில் நின்று செய்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்ட அன்று ஜான்சி எங்கள் வீட்டில் இருந்தாள். எழுந்து போய் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். துலக்கி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடியும் துலக்கினாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கலியமூர்த்திக்குக் கத்தி கிடைத்தது. கலியமூர்த்தி பிச்சாவரத்தில் படகு தள்ளுகிறவன், தம்பிக்குச் சினேகிதன். புயலில் சாய்ந்த, தண்ணீரில் வேர் விடுகிற சுரபுன்னை மரங்களை வெட்டி ஓடையைச் சுத்தம் செய்தபோது ஒரு வேருக்கு நடுவில் சேற்றுக்குள் அகப்பட்டதாம். மடக்குக் கத்தி என்றதும் தம்பி நினைவு வந்து, சேற்று உருண்டையாகவே அதை ஜான்சி கையில் கொடுத்திருக்கிறான். அதோடு நிற்காமல் எங்கள் அம்மாவுக்கும் போன் போட்டு, ஒரு மடக்குக் கத்தி கிடைத்திருக்கிறது, உங்கள் மருமகளிடம் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். நல்ல மனசுக்காரன். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

"என்னா கலருன்னு கேட்டேன். ஒரே சேறும்மா, தெரியலங்கறான்" என்று அம்மா என்னிடம் சொன்னாள். "ஞாயித்துக்கிழம நான் போயிப் பாக்குறேன்."

அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சிதம்பரம் பஸ் ஏறினேன். அம்மாவிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டேன்.

ஜான்சி கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தாள். நான் போனபோது கதவைத் திறந்துவிட்டு நேராக அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேடையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதில் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் கத்தி. கழுவி வைத்திருந்தாள். இரும்புப் பாகமெல்லாம் துருவேறி ஒரே பழுப்பாக இருந்தது. தகடு மட்டும் அங்கங்கே தேய்ந்து, கீறி, ஆனாலும் வாடாமல்லியாகவே இருந்தது. அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"காணாமப் போனவர தேடிக் குடுன்னு அந்தோணியார்கிட்ட தினம் மெழுகுவத்தி ஏத்தினேன், அண்ணி" என்றாள் ஜான்சி. "அந்தோணியாரு கத்திய மட்டும் குடுத்திருக்காரு."

"கலியமூர்த்தி வேற என்னா சொன்னான்?"

"புயலுக்கு மொத நாளு சாயங்காலம் படகெல்லாம் ஓடைக்குள்ள இழுத்துக் கட்டுனாங்களாம். கூட ஒரு ஆளு வந்து இன்ஜின கழட்டிக் குடுத்தானாம், கயிறு கட்டுனானாம். தலையில கோணி போட்டிருந்தானாம். மூஞ்ச யாரும் பாக்கல, மழை. அப்புறம் அந்த ஆள காணோமாம். எல்லாரும் அவுங்கவுங்க வீட்டப் பாக்க ஓடிட்டாங்க." கிண்ணத்து விளிம்பை விரலால் துடைத்தாள். "அன்னிக்கு ஆயிரம் பேரு கயிறு கட்டியிருப்பாங்க, அண்ணி. இவரு கொச்சியில இருக்காரு. இல்லன்னா மங்களூர்ல."

நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி கொச்சிக்குப் போனது எங்களுக்குத் தெரியும். போனில் அம்மா காதால் கேட்டிருக்கிறாள். போன கத்தி பிச்சாவரத்துச் சேற்றில் கிடக்கிறது என்றால் அது நடந்து வந்திருக்காது. இதை நான் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கலர எடுத்துடுங்க அண்ணி. உங்களால முடியும்ல? கலர் இல்லன்னா இது யார் கத்தியோ. அத்த பாத்துட்டு, இது நம்ம புள்ளயோடது இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எள்ளும் தண்ணியும் இருக்காது. அவரு பாட்டுக்கு எங்கியோ கோவமா இருக்கட்டும். எனக்கு அது போதும்."

"அதுக்கு ஏண்டி இவ்வளவு கஷ்டம்? பாண்டில போயி வேற ஒரு கத்தி வாங்கிட்டு வரேன். அதக் காட்டு."

"அது பொய் அண்ணி" என்றாள் டீச்சர். "நான் பொய் சொல்ல மாட்டேன். கலியமூர்த்தி அண்ணன் குடுத்த கத்திதான் காட்டுவேன். கலர எடுக்குறது சுத்தம் பண்றது மாதிரிதானே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் பூசணிக்காயைத் தோல் சீவி மறைக்கப் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் எனக்கும் அதேதான் வேண்டியிருந்தது. அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றால் முதலில் அவன் உயிரோடு இருக்க வேண்டுமே. கத்தியைத் துடைத்து என் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் டப்பா சூடாக இருப்பது போலவே பட்டது. எங்கே தூங்கினேன் என்று தெரியவில்லை. ஓடை முழுக்க வாடாமல்லி நிறத்தில் தண்ணீர் நின்றது. சுரபுன்னை வேர்கள் அதற்குள் கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. ஒரு வேரின் மேல் தம்பி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். உரித்த தோல் ஒவ்வொன்றும் தண்ணீரில் விழுந்து மெல்ல மிதந்து போனது. "எப்படா வந்த?" என்று கேட்டேன். "வந்துக்கிட்டேதான் இருக்கேன்க்கா" என்றான். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. கண்டக்டர், சிப்காட் இறங்குறவங்க எல்லாம் வாங்க என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணில் வெங்காயக் காந்தல் அப்படியே இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு கத்தியை எடுத்து மேசையில் வைத்தேன். துருவேறிய திருகாணிக்கு முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டிருந்தேன். கழற்றினேன். தகட்டின் உள்பக்க மூலையில் எள்ளளவு வெள்ளைப் புள்ளி இருந்தது. சாயம் ஏற்றும்போது கம்பி கவ்விப் பிடித்த இடம் அது, அங்கே மட்டும் நிறம் ஏறாது. நான்தான் வெளியே தெரியாமல் உள்பக்கம் பார்த்துக் கட்டியிருந்தேன். திருகாணியின் தலைக்கு அடியில் இருந்த வட்டத்தில் காற்றும் படவில்லை, விரலும் படவில்லை. அங்கே வாடாமல்லி நான் தொட்டியில் இருந்து தூக்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே ஈரமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

சாயத்தை எடுக்க எங்களிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று காஸ்டிக் சோடாத் தொட்டி. வேகமாக எடுத்துவிடும். இன்னொன்று வேறு அமிலக் கலவை. அது தோலை மட்டும் கரைக்கும், தகட்டைத் தொடாது. ஆனால் அதைச் சூடேற்ற நேரம் பிடிக்கும், மேனேஜரிடம் கேட்டு எடுக்கவும் வேண்டும். தேய்ந்த பீஸ் எதையும் காஸ்டிக்கில் போடக் கூடாது என்பது எங்கள் கம்பெனியில் பாலபாடம். தோல் இருக்கிற இடத்தை காஸ்டிக் மெதுவாகத்தான் தின்னும். தேய்ந்து தோல் போன இடத்தில் நேராகத் தகட்டையே கடித்துவிடும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே தொண்டை கிழியக் கத்திச் சொல்லியிருக்கிறேன். சட்டென்று முக்கிச் சட்டென்று எடுத்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். கையுறை மாட்டி, கண்ணாடி போட்டு, இரண்டு தகடுகளையும் கம்பியில் கட்டி, காஸ்டிக் தொட்டியில் இறக்கினேன்.

முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. வாடாமல்லித் தகடுகள் தண்ணீருக்கு அடியில் சும்மா தொங்கின. பிறகு குமிழி வந்தது. தகடு முழுக்க வரவில்லை, ஒரே ஒரு இடத்தில் இருந்து மட்டும் வந்தது. தம்பியின் கட்டைவிரல் இருந்த இடத்தில் இருந்து. சின்னச் சின்னதாக, ஒன்றன் பின் ஒன்றாக, நின்று நின்று மேலே ஏறி உடைந்தது. தண்ணீருக்கு அடியில் ஒருத்தன் படுத்துக்கொண்டு நிதானமாக மூச்சு விடுகிற மாதிரி.

அது என்ன வாயு, ஏன் வருகிறது என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? என் கை கம்பியைத் தூக்கவில்லை. தூக்கினால் மூச்சு நின்றுவிடும் என்று எனக்குப் பட்டது. அந்தப் பகல் நேரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஆவி முகத்தில் அடிக்க, நான் என் தம்பி மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் இருந்த வாடாமல்லி விளிம்பில் இருந்து கரைந்து புகையாக இறங்கியது. தொட்டியே ஒரு கணம் அந்த ஓடையாகிவிட்டது. "டேய் கதிரு" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். குமிழி வந்துகொண்டே இருந்தது.

"வாணிக்கா, சாப்பாடு ஆறுது!" என்று கம்பி கட்டுகிற கொளஞ்சி வாசலில் இருந்து கத்தியபோதுதான் எனக்கு நினைவு வந்தது. தகடு முழுக்கக் குமிழி பொங்கிக்கொண்டிருந்தது. வெளியே இழுத்தேன். கன்னங்கரேல் என்று வந்தது. கழுவி, அந்தக் கறுப்பை எடுக்கிற நைட்ரிக் தொட்டியில் முக்கி, மறுபடி கழுவினேன். வெறும் வெள்ளித் தகடு. நிறம் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. துணியால் துடைத்தபோதுதான் விரலுக்குத் தட்டுப்பட்டது. அவன் கட்டைவிரல் இருந்த இடம் காஸ்டிக் கடித்து, சொரசொரப்பாக, இலேசாகக் குழிந்து போயிருந்தது. முன்னே அது வெறும் தேய்மானம். இப்போது குழி.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷ வேலையில் ஒரு கத்துக்குட்டி செய்கிற தப்பை, அதுவும் இந்த ஒரு பீஸில் செய்திருக்கிறேன். அம்மாவுக்கு இது தெரியாது, தகடு கீறியிருக்கிறது என்றுதான் நினைப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தகடுகளை மறுபடி கத்தியில் திருகிப் பூட்டினேன். இன்னொரு மனசு, அம்மாவுக்கு இல்லை, ஜான்சிக்கு என்ன சொல்வாய் என்று கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி சிதம்பரம். இந்தத் தடவை அம்மாவிடம் பாதி உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போனேன். "கத்தியப் பாக்கப் போறேன். பாத்துட்டு போன் போடுறேன்" என்றேன். அவள் வாசல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் "கலர சொல்லு, போதும்" என்றாள்.

ஜான்சி குளித்து, தலை வாரி, ஏதோ விசேஷத்துக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் டப்பாவைத் திறந்து கத்தியை அவள் முன்னால் வைத்தேன். வெளியே கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. மணி ஓயும்வரை அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க அண்ணி" என்றாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "யாரோட கத்தியோ. பாவம், யாரு தொலைச்சாங்களோ."

கையில் எடுத்தாள். வலது கையில், நாம் எல்லோரும் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். கட்டைவிரல் வழவழப்பான பக்கத்தில் உட்கார்ந்தது. அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அவளுடைய மற்ற விரல்கள் பின்பக்கம் எதையோ தடவிக்கொண்டே இருந்தன. என்ன என்று திருப்பிப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள்.

அவள் கத்தியை மெதுவாக இடது கைக்கு மாற்றினாள்.

கட்டைவிரல் போய் அந்தக் குழியில் உட்கார்ந்தது. அவள் விரலுக்கு அது கொஞ்சம் பெரிதாக இருந்தது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் திறந்தாள், மூடினாள். துருவேறிய கத்தி சரியாகத் திறக்கவில்லை. ஆனாலும் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் உடைந்துவிட்டேன். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. நேற்றுப் பிடித்த மாதிரியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி" என்றாள். "கொச்சில இருந்தாருன்னா என் மேல கோவமா இருக்காருன்னு அர்த்தம். இன்னும் கோவமாத்தான் இருக்காருன்னு அர்த்தம். இல்லியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"இவரு வந்திருக்காரு அண்ணி. கோவம் தீந்து வந்திருக்காரு. வர வழியில படகுங்க தவிக்கிறத பாத்திருப்பாரு, அங்க நின்னுட்டாரு. அவரு புத்தி அதானே? வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரந்தான் பாக்கி." அவள் குரல் அங்கே தடுக்கியது. "நான் சொன்ன வார்த்தையத் தாண்டி வந்திருக்காரு. அதப் போயி நான் சொரண்டச் சொல்லிட்டேனே."

கத்தி அவனுடையது என்றால் அவன் செத்துவிட்டான். அவனுடையது இல்லை என்றால் அவன் அவளிடம் திரும்பி வரவே இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் கண்ட கனவில், வந்துக்கிட்டேதான் இருக்கேன்க்கா என்று அவன் சொன்னது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

என் போன் அடித்தது. அம்மா. அவளுக்கு ஹலோ சொல்கிற பழக்கம் இல்லை.

"பாத்தியா?" என்றாள். "என்னா கலரு?"

நான் கத்தியைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் அது வெள்ளி டம்ளர் மாதிரி பளபளத்தது. கலர் இல்லைம்மா என்று சொன்னால் போதும். பொய்யும் இல்லை. அம்மா நெய் விளக்கு ஏற்றுவாள், நாளைக்கு வந்து ஒரு வெள்ளைக் கத்தியைப் பார்த்துவிட்டுப் போவாள், இந்த வருஷ மகம் எங்களைத் தொடாமல் கடந்து போகும். வாயைத் திறந்தேன். அதற்குள் ஜான்சி என் கையில் இருந்து போனை வாங்கிக்கொண்டாள். இடது கையில் கத்தி அப்படியே இருந்தது, கட்டைவிரல் குழியிலேயே இருந்தது.

"வாடாமல்லி கலரு, அத்தை" என்றாள். "அவருதான். ஊருக்கு வந்திருக்காரு."